அழும் குழந்தையும் ஒருமனப்பட்ட பெற்றாரும்



உங்கள் கைக்குழந்தை சாமத்தில் வீரிட்டு அழுகிறதா? பாலுக்கும் நித்திரைக்கும் நேரகாலமில்லையா? புதுமுகம் கண்டால் கத்துகிறதா? நோயுண்டா, பால் காணுமா என்று முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்றுமில்லையென்றால், தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று அயலார் சொல்வதை நம்பாதீர்கள்.

1956ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் வைத்தியத் தம்பதியர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கி, 133 குழந்தைகளை ஆளாகும்வரை கவனித்தனர். ஏறக்குறைய பத்தில் ஒன்று இத்தகைய கடின சுபாவமுடையதாயிருந்தது. சுபாவம் பெரும்பாலும் பிறவியோடு வருவது.

அவர்களுள் மிகக் கடினமான ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தாய் தன்னையே குற்றஞ்சாட்டிக் கலங்கினாள். தகப்பனோ மகனின் வீறாப்பைக் கண்டு மகிழ்ந்தார். புதியது எதையும் முதலில் மறுப்பான், பொறுத்திருந்தால் ஏற்பான் என்று கண்டுகொண்டார். இது தம் இருவராலும் வந்ததல்ல என்பது அவருக்குத் தெளிவு. அவர் மனைவியைத் தேற்றினார். அவளுக்கும் பொறுமை வந்தது. பையன் நன்றாக வளர்ந்தான். பல்கலைக்கழகம் புகுந்து எல்லாம் புதிதானபோது பழைய தடுமாற்றம் தலைகாட்டியது. ஆலோசனை பெற்று அவ்வாண்டுக்குள்ளேயே தேறினான்.

கவனியுங்கள், அந்தத் தகப்பன் பிள்ளையை மட்டுமல்ல, தாயையும் தாங்கினார். நம் வீடுகளில் நடப்பதென்ன? வேலையால் வந்தவர், "என்னப்பா செய்துகொண்டிருந்தனீர்?" என்கிறார். அவர் தூக்கினாலோ, "உங்களுக்குத் தூக்கத் தெரியாது, இஞ்சை தாங்கோ" என்று பறிக்கும் தாய்மாரும் உண்டு. அடுத்தமுறை அவர் தூக்கமாட்டார். (இதில் தாய்மார் கோபிக்க வேண்டாம்.) தன்னைத் தானே அமர்த்தத் தெரியாத குழந்தை, தூக்குபவரின் அமைதியைத்தான் இரவல் வாங்குகிறது. இறுகிய தோளும் கடுத்த குரலும் அதற்குத் தெரியும். சாதுவான குழந்தை இதைத் தாங்கும்; கடின சுபாவக் குழந்தைக்கு இது பெரும் பாரம்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் குடும்பம்பற்றி வெளியிட்ட மடலில், பிள்ளை வளர்ப்பை மனைவியோடு பகிர்வது தகப்பனின் கடமை என்கிறார். ஆகவே இரவில் முறைவைத்துத் தூக்குங்கள். ஒருவர் அமர்த்தும்போது மற்றவர் குறுக்கிடாதீர்கள். பிழையென்றால் பிள்ளை உறங்கியபின் பேசுங்கள். அழுகை பொதுவாக இரண்டாம் மாதத்தில் உச்சமாகி, பின்னர் தணியும். பொறுமை இழந்தால் குழந்தையை நிமிர்த்திப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சற்று விலகுங்கள். ஒருபோதும் பிடித்துக் குலுக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசியும். தகப்பன் கடலிலோ வெளிநாட்டிலோ என்றால், அம்மம்மாவோடு இதே ஒழுங்கைச் செய்துகொள்ளுங்கள்.