சேமிப்பகத்தின் இயங்குதளப் புதுப்பிப்பு தடைப்பட்டால் மீட்கும் முறை

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் பாராடாங் தீவு அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தரை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் இத்தீவை அடையலாம். தொலைவு பெரிதன்று; ஆனால் வழி எளிதன்று. ஜாரவாப் பழங்குடியினரின் காப்பு வனத்தினூடே செல்லும் சாலையில் வாகனங்கள் ஜிர்காடாங் சாவடியிலிருந்து குறித்த நேரங்களில் மட்டும், அணியாக விடப்படுகின்றன. இரவில் போக்குவரத்து இல்லை. அணியைத் தவறவிட்டவர் அடுத்த அணிக்குக் காத்திருக்க வேண்டும். அதன்பின் நீரிணையையும் கடக்க வேண்டும்.

இத்தகைய இடங்களுக்கும் இன்று கணிப்பொறியின் உதவி இன்றியமையாததாகிவிட்டது. சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதனால் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் பதிவேடுகளை வைப்பதும், அச்சேமிப்பகத்தைத் தொலைவிலிருந்தே புதுப்பிப்பதும் இயல்கின்றன. ஆனால் புதுப்பிப்பு இடையில் தடைப்பட்டால், கம்பி வழியே வரும் கட்டளைக்குக் கருவி விடை தராது. அப்போது அதன் அருகிலுள்ள பணியாளரின் கையும் அறிவுமே துணை. மாணவரின் மதிப்பெண்களும் நோயாளியின் குறிப்புகளும் பிழைப்பது அவர் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதையும் செய்யாது விடுவதையும் பொறுத்தது.

சேமிப்பகத்தின் அமைப்பு

பெரிய அலுவலகங்களில் உபயோகிக்கப்படும் சேமிப்பகம், பல வட்டுகளையும் அவற்றை ஆளும் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கொண்டது. ஒரு வட்டு பழுதானாலும் எஞ்சியவற்றிலிருந்து தகவலைத் திரும்பப் பெறும் வண்ணம் தகவல் பகிர்ந்து எழுதப்படுகிறது. இம்முறைக்கு ரெய்டு என்று பெயர். கட்டுப்பாட்டுக் கருவிகளுள் ஒன்று நின்றால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கிறது.

கட்டுப்பாட்டுக் கருவியை நடத்தும் மென்பொருளே இயங்குதளம். பெரும்பாலான சேமிப்பகங்களில் இது தகவல் வட்டுகளில் அன்றித் தனி நினைவகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பல கருவிகளில் நடைமுறைப் பதிப்பும் முந்தைய பதிப்பும் ஆக இரு பிரதிகள் அங்கே இருக்கும். ஆகவே இயங்குதளம் சிதைந்தது என்பதால் தகவலும் சிதைந்தது என்று கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டை உணர்தலே மீட்புக்கு அடிப்படை. தகவல் நலமாக இருந்தும், அவசரத்தில் செய்யப்படும் பழுதுபார்ப்பினால் அது அழிவதுண்டு.

தடை ஏற்படும் வகைகள்

புதுப்பிப்பின்போது ஒரு கருவி முதலில் மாற்றப்படும். அது நன்கு இயங்குவதைக் கண்டபின் மற்றது மாற்றப்படும். எழுதும் நடுவே மின்சாரம் நின்றாலும், வந்த கோப்பு குறையுடையதாக இருந்தாலும், புதிய பதிப்பு பழைய வட்டுகளை அறியாவிட்டாலும் இப்பணி தடைப்படும். இவை முந்தைய பதிப்புக்குத் திரும்பித் தீர்க்கத்தக்கவை. புதிய பதிப்பு வட்டுகளில் தகவல் எழுதப்படும் அமைப்பையே மாற்றிவிட்டதாயின் நிலை வேறு. பழைய பதிப்பால் அவற்றைப் படிக்க இயலாது. ஆகவே திரும்பும் வழி எந்தக் கட்டம் வரை திறந்துள்ளது என்பதைத் தொடங்குமுன்னரே உற்பத்தியாளரின் கையேட்டில் கண்டறிதல் வேண்டும்.

மீட்கும் முறை

1. மேலும் கட்டளை எதுவும் இடாது நிறுத்த வேண்டும். திரையில் தோன்றும் செய்திகளை நேரத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். இயலுமாயின் படம் எடுத்துக்கொள்ளலாம்.

2. இரண்டாவது கருவி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்குமாயின் அதைத் தொடலாகாது. பதிவேடுகள் அதன் வழியே இன்னும் கிடைக்கின்றன. மிக முக்கியமானவற்றை உடனே வேறொரு கணிப்பொறியில் பிரதி எடுக்க வேண்டும்.

3. இரு கருவிகளும் நின்றிருப்பின், வட்டில் இன்னும் எழுதப்படாத தகவல் பாட்டரியின் துணையால் நினைவகத்தில் காக்கப்பட்டிருக்கலாம். சில வகைகளில் இக்காவல் சில நாள்களே நீடிக்கும். கருவியைக் கழற்றுவதோ பாட்டரியை நீக்குவதோ கூடாது.

4. நின்ற கருவியில் கன்சோல் கம்பியை இணைத்து, அது தொடங்கும்போது வரும் செய்திகளைப் படிக்க வேண்டும். பின்னர், கையேடு அனுமதிக்குமாயின், முந்தைய பதிப்பைத் தேர்ந்து தொடங்க வேண்டும்.

5. முந்தைய பதிப்பும் தொடங்காவிடின், முன்பே சரிபார்த்து வைத்த பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை மட்டும் நிறுவலாம். வட்டுகளைப் புதிதாக அமைக்கவா, அழிக்கவா என்று கருவி வினவினால், உற்பத்தியாளரின் எழுத்து மூலமான அறிவுரை வரும்வரை விடை அளிக்கலாகாது. அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்பதே பல இடங்களில் இழப்புக்குக் காரணம்.

6. கருவி மீண்டபின் எல்லா வட்டுகளும் தென்படுகின்றனவா என்றும், கோப்புகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்றும் நோக்க வேண்டும். சில கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே அலுவலகத்தாரை அனுமதிக்க வேண்டும்.

அனுபவம் காட்டும் உண்மைகள்

அண்மையில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் இம்முறையின் காரணங்களை விளக்கும்.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் முன்பே நின்றுவிட்ட கணிப்பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாக, ஒருவர் அருகிருந்தே மீட்க வேண்டியதாயிற்று.

2021 டிசம்பரில் ஜப்பானிலுள்ள கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சேமிப்பகத்தில் 77 டெராபைட் அளவுள்ள, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. காப்புப் பிரதி எடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன்மீது திருத்திய நிரல் எழுதப்பட்டது. பாதியில் மாறிய நிரல், பழைய குறிப்பேடுகளை நீக்குவதற்கு மாறாக ஆய்வுக் கோப்புகளை நீக்கிற்று. இயங்கும் ஒன்றை நிறுத்தாமல் மாற்றலாகாது என்பது இதன் பாடம்.

புதுப்பிப்பு அபாயமுடையது என்று அதை ஒத்திவைப்பதும் தீர்வன்று. இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பு, உற்பத்தியாளரின் ஆதரவு முடிந்த பழைய மென்பொருளில் நடந்துவந்தது. 2023 ஆகஸ்டில் அது தாக்கப்பட்டது. அமைப்பு விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையுள்ள அஞ்சல்களுக்குத் தனித்து வைத்த பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை.

முன்னேற்பாடு

காப்புப் பிரதி வேறு கருவியிலும், இயலுமாயின் வேறு தீவிலும் இருத்தல் நலம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நில நடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததை எண்ணினால் இதன் தேவை விளங்கும்.

பிரதியைத் திரும்பக் கொணரும் காலத்தையும் கணக்கிட வேண்டும்.    ஒரு டெராபைட்டில் 10 லட்சம் மெகாபைட்டும், ஒரு மெகாபைட்டில் 8 மெகாபிட்டும் உண்டாதலால், 10 டெராபைட்டுக்கு 8 கோடி மெகாபிட் ஆகும். எனவே நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இதற்கு 8 லட்சம் நொடிகள், அதாவது ஏறத்தாழ 9 நாள்கள் ஆகும். சென்னையிலிருந்து கப்பல் ஏறத்தாழ மூன்று நாள்களில் வந்துவிடும். ஆகவே பெரிய பிரதியை வட்டில் ஏற்றிக் கப்பலில் அனுப்புவதே சில வேளைகளில் விரைவானது.

பென் டிரைவ், கன்சோல் கம்பி, அச்சிட்ட கையேடு ஆகியவை கருவியின் அருகில் இருத்தல் வேண்டும். யு.பி.எஸ். பாட்டரியைச் சோதித்த பின்னரே புதுப்பிப்பைத் தொடங்க வேண்டும்.

வகுப்பில் விளக்குதல்

ஆசிரியர் இக்கருத்தை இரண்டு வருகைப் பதிவேடுகளைக் கொண்டு விளக்கலாம். பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்குப் பெயர்களை எழுதுகையில் பாதியில் நிறுத்தச் செய்ய வேண்டும். பழையது கையிலிருப்பின் இழப்பில்லை. அதை முன்பே கிழித்திருப்பின் பாதிப் பெயர்கள் போயின. புதியது சரிபார்க்கப்படும் வரை பழையதைக் காத்தல் என்னும் இவ்விதியே சேமிப்பகத்துக்கும் பொருந்தும்.