கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஸ்ரீரங்கம்,
ஜூலை 10.

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

நேற்று ராத்திரி உங்கப்பன் போன் பண்ணினான். "அண்ணே, பையன் ஏதோ பாட்டுக் கம்பெனியில கையெழுத்துப் போடப் போறானாம், நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றான். நீ அனுப்பியிருந்த ஒப்பந்தத்தைத் தங்கச்சி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பதினாலு பக்கத்தையும் படித்துவிட்டேன். போனில் பேசினால் நீ "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாட்டு உன்னுடையது, முடிவும் உன்னுடையது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் 'தெருக்குரல்' போட்டாயே, அந்த ஆல்பத்தை என் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். காலையில் அம்மா மண்டபம் வரை நடக்கும்போது அதுதான் துணை. திரும்பத் திரும்பக் கேட்டதில் மூன்று பாட்டு மனதில் உட்கார்ந்துவிட்டது. இசை ஆஃப்ரோ என்பவருடையது என்றாலும், முதலிலிருந்து கடைசிவரை அறிவு என்கிற ஒரே ஆள் நம் முன்னால் நின்று பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. 2019-இல் வந்ததாம். அதே அறிவு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யை இங்கே கல்யாண மண்டபத்தில் கச்சேரிக்காரர்கள்கூடப் பாடுகிறார்கள். 'தெருக்குரல்' என்று கேட்டால் எதிர்வீட்டுக் காலேஜ் பையனுக்கே தெரியவில்லை. படத்தில் வராத பாட்டு என்றால் நம் ஜனங்களுக்குப் பாதிக் காதுதான் திறக்கும்.

'ஸ்னோலின்' கேட்கும்போதெல்லாம் நடை நின்றுவிடுகிறது. 2018 மே மாதத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தவர்கள்தானே நாம்? அதில் ஒரு பெண்ணின் பெயரைப் பாட்டுக்கு வைத்து, அதை மறுபடி மறுபடி உச்சரிக்க வைத்துவிட்டான். 'ஆன்டி இண்டியன்' கேட்டால் எனக்கு இலங்கையிலிருந்து வந்தபோது நம்மை வைத்திருந்த மண்டபம் கேம்ப் ஞாபகம் வந்துவிடும். இலங்கையில் இருந்தவரை நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரன் ஆனோம். உன் அப்பாயி சாகிறவரை ரேஷன் கடைக்காரர் "சிலோன் அம்மா" என்றுதான் கூப்பிட்டார். மூன்றாவது 'கள்ள மௌனி'. பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காதவனைக் கேட்கிற கேள்வி அது. நான் இந்தக் கடிதம் எழுத அந்தப் பாட்டும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்தான். அவர் பெயரில்தான் 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு ஆல்பம் போட்டான். நீயும் தோட்டத்து வரிசை வீடான லயத்தையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும் அப்பாயியையும் வைத்துப் பாட்டுக் கட்டியிருக்கிறாய். "கொழுந்துக் கூடை" பாட்டை நான் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. அழுதுவிடுவாள். பாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்திரத்தைப் பற்றித்தான் பேச்சு.

நம் ஆட்கள் எப்படிக் கப்பல் ஏறினார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904-இல் ஆரம்பித்த லேபர் கமிஷனுக்குத் தலைமை அலுவலகம் வேறெங்கும் இல்லை, இதே திருச்சிதான். முசிறி, துறையூர்ப் பக்கமெல்லாம் ஆள் பிடிக்கிற கங்காணி வந்து முதலில் கொடுத்தது முன்பணம். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். தோட்டத்தில் காலை வைக்கும்போதே கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இவன் கடனை அடைத்தால் ஆளை விடுகிறேன் என்று எழுதிய காகிதம் அது. ஆள் மாறுவான், கடன் அவனோடு போகும். 1921-இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அப்புறம் 1964-இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து நம் ஆட்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு தலை உன் அப்பாயி. அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது உன் ஒப்பந்தத்தில் ஆறாவது பக்கத்தை எடுத்துப் பார். கம்பெனிக்காரன் முன்பணம் தருகிறான். வீடியோ செலவு, விளம்பரச் செலவு, ஸ்டூடியோ வாடகை எல்லாவற்றையும் உன் பங்கிலிருந்து கழித்த பிறகுதான் உனக்கு ராயல்டி. கணக்கு எழுதுவது அவன். இந்த ஆல்பத்தில் கழியாவிட்டால் அடுத்த ஆல்பத்தில் கழிப்பான். அடுத்த இரண்டு ஆல்பமும் அவனுக்கே என்று வேறு இருக்கிறது. இதற்கு நான் என்ன பெயர் வைக்க?

என் கதை உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கத் தெரியாது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் சேர்ந்த புதிதில் சமயபுரத்தாளுக்குப் பாட்டு எழுதினேன். பூச்சொரிதலுக்குள் கேசட் வந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். ஷிப்டு முடிந்து கிரீஸ் கையோடு போனவனிடம் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு ரசீதுதான்" என்று கையெழுத்து வாங்கினார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அந்தக் காசு உங்கப்பனுக்குச் சட்டை எடுக்கவும் அப்பாயிக்கு மூக்குக் கண்ணாடி போடவும் சரியாக இருந்தது. அப்புறம் வருஷா வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கேசட் ஓடியது. சித்திரைத் தேருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பந்தலுக்குப் பந்தல் அதைக் கேட்டுக்கொண்டுதான் போனார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாடியவர் பெயர் இருக்கும், இசைக் குழுவின் பெயர் இருக்கும், கம்பெனியின் போன் நம்பர்கூட இருக்கும். எழுதியது யார் என்ற இடத்தில் "பாடல்கள்: குழுவினர்". கேட்கப் போனால் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். பிறகு சிடி வந்தது, யூடியூப் வந்தது. அந்தப் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது, நான் மட்டும் இன்னமும் குழுவினராகவே இருக்கிறேன். காசுக்காகச் சொல்லவில்லை. அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. வரும்போது நீயே பார்.

"அது கேசட் காலம் பெரியப்பா" என்பாய். சரி, உங்கள் காலத்துக்கே வருகிறேன். 'என்ஜாய் எஞ்சாமி' 2021-இல் வந்து உலகமே ஆடியது. அடுத்த வருஷம் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அந்தப் பாட்டில் யார் எதைச் செய்தது என்று அதை உருவாக்கியவர்களுக்குள் ஆளுக்கொரு விளக்கம். அதில் நான் பஞ்சாயத்துப் பண்ண வரவில்லை. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தக் கதி. உறையூரில் நண்பன் வீட்டு அறையில் போர்வையைத் தொங்கவிட்டு ரெக்கார்டிங் செய்கிற உன்னை யார் கணக்கில் வைப்பார்கள்?

சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. கோர்ட்டில் இருக்கிற நம் வக்கீலிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியிருக்கிறார்கள், பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசிப் போராடி வந்த திருத்தம். பாட்டெழுதியவனுக்கும் மெட்டுப் போட்டவனுக்கும் ராயல்டியில் உரிமையை வாங்கியவனோடு சமபங்கு உண்டு, படத்தில் சேராத பாட்டுக்கும் உண்டு. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் "இது என் படைப்பு" என்று சொல்ல 57-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. காலம் போடாமல் எழுதிக் கொடுத்தால் 5 வருஷம்தான் செல்லும், இடம் போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் அந்தக் கெட்டிக்காரன் "நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்" என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறான். செவ்வாய்க் கிரகத்தில் உன் அப்பாயி கதையை யார் கேட்கப் போகிறார்களோ!

ஆகவே இரண்டு வழி. ஒன்று, இப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாயியின் பாட்டை யாரோ ஒருத்தன் பெயரில் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது. இன்னொன்று, ரெக்கார்டிங்கை உன் காசிலேயே முடித்து, மாஸ்டர் பதிவை உன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு மட்டும் வெளியிடும் உரிமையைக் கொடுப்பது. பாட்டெழுதுகிறவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிவிடு. பீட் போட்ட உன் நண்பனுக்கு என்ன பங்கு என்பதையும் இப்போதே எழுதி வை. அவனுக்கு நீ கங்காணி ஆகிவிடாதே. எது வேண்டுமோ நீயே தேர்ந்தெடு, நான் வற்புறுத்தவில்லை.

ஆடி பிறப்பதற்குள் கையெழுத்து ஆக வேண்டும் என்று அவன் துடிக்கிறானாம். எனக்கு இந்த நாள் நட்சத்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் "வீட்டில் பெரியவர்கள் ஆடி முடியட்டும் என்கிறார்கள்" என்று சொல். ஆவணிவரை அவன் காத்திருந்தால் அவனுக்கு உன் பாட்டு வேண்டும் என்று அர்த்தம்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? மனதில் வைத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் இத்தனை பேரில் அப்பாயி பேசிய பேச்சை அப்படியே பிடித்தவன் நீ ஒருத்தன்தான். உங்கப்பனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், சொல்லத் தெரியாது. ரெக்கார்டிங் செலவுக்கு உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடச் சொல்லியிருக்கிறேன். அது முன்பணம் இல்லை, திருப்பித் தந்தால் எனக்குக் கோபம் வரும். ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வா. பெரியம்மா எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டித் தருவாள், அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். உன் நண்பனையும் கூட்டிக்கொண்டு வா. ஸ்பீக்கரை மறக்காதே. ராத்திரி நேரத்தோடு தூங்கு, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நீ நன்றாக வருவாய், எங்களுக்குத் தெரியும்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: பதினாலாவது பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழித்துவிடலாம். முடிவு உன்னுடையதுதான்.