மண்ணுக்குள் இறங்கும் வெயில்



நண்பகலில் செம்மண் பாதையில் வெறுங்காலுடன் நடப்போர் சூடு தாளாமல் துள்ளுவதை நாம் காண்கிறோம். அதே இடத்தில் ஒரு முழம் தோண்டிக் கைவைத்தால் மண் குளிர்ந்திருக்கும். வெயில் மண்ணுக்குள் இறங்கவில்லையா? இறங்குகிறது. ஆனால் மெதுவாக இறங்குகிறது. இறங்க இறங்க வலுவிழக்கிறது.

மண்ணில் வெப்பம் பெரும்பாலும் கடத்தல் முறையில் பரவுகிறது. சூடான மண்துகள் தன்னைத் தொட்டிருக்கும் துகளுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. துகள்களின் இடையே காற்றிருந்தால் கடத்தல் குறையும், நீரிருந்தால் கூடும். அசைவற்ற காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆயினும் ஈரமண்ணைச் சூடேற்ற மிகுந்த வெப்பம் தேவை. ஆதலால் நனைந்த பாத்தி எளிதில் சுடுவதில்லை.

வெப்பம் பரவும் கணக்கைப் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியர் 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவ்வழியில் நாமும் நம் மண்ணை மதிப்பிடலாம்.

செய்முறை: மழையில்லாத, வானம் தெளிந்த நாளில், நிழல் விழாத இடத்தில் மூங்கில் குச்சியால் இரு துளைகள் இடுக. ஒன்று 5 செ.மீ. ஆழம்; மற்றொன்று 15 செ.மீ. ஆழம். ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியை வைத்து, சுற்றிலும் மண்ணை இறுக்குக. காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை அரை மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வருக.

கணக்கு: மேல் வெப்பமானி பிற்பகல் 3.00 மணிக்கும், கீழ் வெப்பமானி மாலை 6.30 மணிக்கும் உச்சத்தை அடைந்தன எனக் கொள்வோம். 10 செ.மீ. கடக்க 3.5 மணி நேரம் ஆகியுள்ளது. ஒரு நாளின் 24 மணியை 6.28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.8 வரும். 10-ஐ 3.8-ஆல் பெருக்கி 3.5-ஆல் வகுக்க, ஏறத்தாழ 11 செ.மீ. கிடைக்கும்.

இதன் பொருள் யாது? ஒவ்வொரு 11 செ.மீ. ஆழத்திற்கும் பகலிரவு வெப்ப வேறுபாடு மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே கூடுதலாகச் சுருங்கும், உச்சநேரமும் 3.8 மணி பிந்தும். மேற்பரப்பில் வேறுபாடு 18 பாகையாயின், 11 செ.மீ. ஆழத்தில் 6.6, 22 செ.மீ. ஆழத்தில் 2.4, 33 செ.மீ. ஆழத்தில் 0.9 பாகையே.

பெற்றோர்களே! வெயிலின் கொடுமை மேல்மண்ணில்தான் மிகுதி. நாம் லயத்தின் பின்புறம் நடும் மிளகாய், கத்தரி நாற்றுகளின் இளவேர்கள் அங்கேதான் உள்ளன. வாங்கிய விதையும் உழைப்பும் வீணாகாதிருக்க, வெட்டிய லாலாங் புல்லைக் கொளுத்தாமல் காயவைத்துப் பாத்தியில் பரப்புங்கள். புல்லிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும், ஈரமும் காக்கப்படும். பால்மரத் தோட்டங்களில் இளமரங்களிடையே மூடுகொடி வளர்ப்பதால் விளையும் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

மாணவர்களே! புல் பரப்பிய பாத்தியிலும் வெறும் பாத்தியிலும் இச்சோதனையைச் செய்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். நாம் மிதிக்கும் மண்ணும் நமக்கொரு பாடநூலே.