காஞ்சிபுரம்: போய்த் திரும்புவதா, ஒரு ராத்திரி தங்குவதா?

ஆளுக்கொரு முதுகுப்பை, எண்ணி எடுத்த பணம் என்று கிளம்பும் ஜோடிகளிடம் காஞ்சிபுரத்தைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடுங்கள், சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ரூம் வாடகை மிச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும்.

பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் பெரிய கோயில்களெல்லாம் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அதுவரை அந்த வெயிலில் எங்கே போய் நிற்பது? அப்போதுதான் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "சும்மா பாருங்க சார், வாங்கணும்னு இல்ல, தறியும் காட்டுவாங்க" என்பார். கடையில் ஏ.சி. ஓடும், குடிக்க ஏதாவது வரும், வெள்ளை விரிப்பில் புடவை மேல் புடவையாக விழும். அழைத்து வந்தவருக்குக் கமிஷன் உண்டு. அது கடைக்காரர் கைக்காசு என்று நினைக்க வேண்டாம். ரூமில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு போகிற இடம் இது.

அதனால் என் ஓட்டு தங்குவதற்குத்தான். மத்தியான வெயிலை ரயிலிலோ பஸ்ஸிலோ கழித்துவிட்டு, நடை திறக்கும் நேரத்துக்கு ஊரில் இறங்குங்கள். சாயங்காலம் சின்னக் காஞ்சிபுரம், மறுநாள் காலை பெரிய காஞ்சிபுரம், நடை சாத்துகையில் திரும்பும் வண்டி. வெயிலும் மிச்சம், பர்ஸும் மிச்சம்.

மாமல்லபுரத்தில் தங்கி, காஞ்சிபுரத்தை ஒரு பகலில் பார்த்துவிட்டுப் போகிற வெளிநாட்டுப் பயணிகள் நிறைய. முதுகுப்பைக்காரர்களுக்கான சின்னச் சின்ன விடுதிகள் அங்கே இருக்கின்றன, காஞ்சியில் அந்தப் பழக்கம் இல்லை. கடலும் வேண்டும் என்றால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செங்கல்பட்டு வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் வந்து சேர்வதற்குள் காலை நடை பாதி போய்விடும். பிறகு அதே மத்தியானம், அதே ஆட்டோ.

ரயிலா பஸ்ஸா என்றால், கட்டணத்தில் ரயிலை அடிக்க ஆளில்லை. சென்னை பீச்சில் ஏறினால் தாம்பரம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் என்று இரண்டரை மணி நேரம் போல ஆகும். செங்கல்பட்டுக்கு மேல் ஒற்றைத் தடம், எதிர் வண்டிக்காக நிற்க வேண்டியிருக்கும். நேரடி வண்டிகளும் குறைவு. நேரம் பார்க்காமல் போனால் பிளாட்பாரத்தில் தவம்தான். பஸ் அடிக்கடி உண்டு, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் பெரிய காஞ்சிபுரத்து நடுவிலேயே இறக்கிவிடும். நாங்கள் பெரும்பாலும் இரண்டையும் கலப்போம்: செங்கல்பட்டு வரை கிடைத்த மின்ரயில், அங்கிருந்து பஸ்.

ரூம் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பஸ் நிலையத்தைச் சுற்றி லாட்ஜ்கள் உண்டு. இருவரின் ஆதாரும் கையில் இருக்கட்டும், பணம் கட்டுமுன் பாத்ரூமைத் திறந்து பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாட்களில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் இடத்தை நிறைத்துவிடும், வைகாசி கருடசேவை சமயத்தில் கேட்கவே வேண்டாம். 2019 அத்திவரதர் கூட்டம் போல ஒன்று 2059 வரை வராது, அந்தக் கவலை வேண்டாம்.

ஊருக்குள் சுற்ற ஆட்டோவை முழு நாளுக்குப் பேசாதீர்கள். பேசினால், "கடைக்கு வேணாம், கோயிலுக்கு மட்டும்" என்று ஏறுமுன்பே சொல்லிவிடுவது நல்லது. பஸ் நிலையத்திலிருந்து சின்னக் காஞ்சிபுரம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. மனைவிக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். "இனிமே உங்களாலதாங்க செலவே" என்பாள்.

கோயில்களில் எதை விடுவது என்பதுதான் கஷ்டம். கட்டாயம் விடக்கூடாதது கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ராஜசிம்மன் கட்டியது, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததுதான். சுற்றுமதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள், சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் மணற்கல்லில் விழும்போது போங்கள். ஊருக்கு மேற்கே தள்ளி இருப்பதால் கூட்டமும் இருக்காது. அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில், பல்லவர் வரலாற்றையே சுற்றுச்சுவரில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலி ஒரு காரணம், கோயில் இட்லி இன்னொரு காரணம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பது, கிடைத்தால் விடாதீர்கள். நேரம் இல்லையென்றால் ஏகாம்பரநாதரை, 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய அந்த ராஜகோபுரத்தை, வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது பயணக் கணக்கு.

காலையில் சீக்கிரம் எழுந்தால் பிள்ளையார்பாளையம் பக்கம் நடங்கள். வாய்ப்பிருந்தால் தெருவில் பாவு நீட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம், வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வரும். அனுமதி கேட்டுப் போனால் கோர்வை போடுவதைப் பார்க்கக் கிடைக்கும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஊடை ஒவ்வொன்றும் கரை நூலோடு கோத்துக்கொண்டு திரும்புகிறது. கடையில் புடவையைப் புரட்டி, கரை சேரும் இடத்தைப் பின்பக்கம் தடவினால் அந்தப் பிணைப்பு விரலில் தட்டுப்படும்.

வாங்குவதென்றே முடிவானால், காந்தி ரோட்டில் கூட்டுறவுச் சங்கக் கடைகளும் தனியார் கடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சங்கத்தில் பேரம் இல்லை, டிசைன் கொஞ்சம் பழையது, பதற்றம் குறைவு. தனியாரிடம் நிறமும் ரகமும் ஏராளம், விலை கேட்பவரின் சாமர்த்தியம். விவரம் தெரியாத இருவருக்கு நான் சங்கத்தைத்தான் சொல்வேன். சில்க் மார்க் இருந்தால் பட்டு அசல் என்று மட்டுமே அர்த்தம், ஜரிகையைப் பற்றி அது பேசாது. கைத்தறியா என்பதற்கும் தனி முத்திரை உண்டு. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். போன உடனே வாங்காமல் முதல் நாள் சாயங்காலம் விலை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலை மனசு மாறாமல் இருந்தால் பார்க்கலாம். பகலோடு திரும்புகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.