ஐப்பசிக் காற்றில் விண்ட்சர்ஃபிங் பழக: கேரளக் கோவளம் பக்கத்துக் குறிப்புகள்

1. மொட்டை மாடியில் ஒரு கம்பு நட்டு, பழைய புடவையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டுங்கள். திருவனந்தபுரத்துக்குக் கடல் தென்மேற்கே இருக்கிறது. துணி கடலைப் பார்த்துப் பறந்தால் அது கரைக்காற்று. அந்நேரம் தண்ணீரில் இறங்காதீர்கள். ஐப்பசிக் காலைகளில் பெரும்பாலும் இதுதான் வீசும். கரையோரம் குளம்போல் அமைதியாகத் தெரியும், ஆனால் போகப்போகக் காற்று வலுக்கும். பழகாதவரைத் திரும்ப விடாமல் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும்.

2. வெயில் ஏறித் தரை சூடானதும், பதினொரு மணி வாக்கில் கடல்காற்று கரைக்குத் திரும்பும். அதுதான் பழகும் நேரம். ஆனால் இது துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழைக் காலம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்குக் கவனமாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பது வழக்கம். பாயைத் தாங்கும் மாஸ்ட் ஏறக்குறைய நாலு மீட்டர் உயரம். அதிலுள்ள கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கிழக்கே மலைப்பக்கம் கறுத்தால், மணி ஒன்றே ஆனாலும் கரையேறிவிடுங்கள்.

3. காற்றை அளக்கக் கருவி வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம், அது போதும். கடல் முழுக்க நுரைத்தால் 30-ஐ எட்டிவிட்டது என்று பொருள். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 200 லிட்டர் அளவுள்ள அகலப் பலகையும், 4 சதுர மீட்டருக்கு மிகாத பாயும் கேட்டு வாங்குங்கள்.

4. பாயைத் தூக்கும்போது முதுகைக் காற்றுக்குக் காட்டி, மாஸ்டின் இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். கிணற்றில் வாளி இறைப்பதுபோல் குனிந்து இழுத்தால் மறுநாள் இடுப்பு எழும்பாது. முழங்காலை மடக்கி, கைகளை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பாய்மேல் நிற்கும் தண்ணீர் மெல்ல வடியட்டும். திடீர்க் காற்று அடித்தால் பின்கையை மட்டும் விடுங்கள். பாய் காற்றைக் கொட்டிவிடும்.

5. மாஸ்டை முன்னே சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். இதைக் கரை மணலில் பத்து தடவை செய்து பாருங்கள்.

6. ஆறோ காயலோ கடலில் கலக்கும் பொழிமுகம் பக்கமே போகாதீர்கள். பூவாறோ வேளியோ, மழைக்குப்பின் பொழியின் மணல்திட்டு உடைந்து தண்ணீர் கடலுக்குப் பாயும் வேகத்தில் எந்தப் பாயும் உதவாது. முதலப்பொழியில் மீன்பிடி வள்ளங்களே பலமுறை கவிழ்ந்திருக்கின்றன.

7. வானம் தெளிவாக இருக்கும்போதே கரையேறி அடிப்பது கள்ளக்கடல். எங்கோ தொலைவில் எழுந்த புயலின் அலை அது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். விழிஞ்ஞத்து மீனவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி ஒரே நாளில் புயலாக வலுத்தபோது, கடலைத் தலைமுறையாக அறிந்தவர்களே இந்தக் கரையிலிருந்து போய்த் திரும்பவில்லை. எச்சரிக்கை இருக்கும் நாளில், எவ்வளவு நல்ல காற்றானாலும் எனக்கு அது வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

8. களைத்துப்போனால் நீந்திக் கரைசேர எண்ணாதீர்கள். பலகை மிதக்கும், அதைவிட்டு அகலவே கூடாது. பாயைக் கீழே போட்டு, பலகைமேல் கவிழ்ந்து படுத்துக் கையால் துழாவுங்கள். உதவிக்கு இரு கைகளையும் விரித்து மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். கரையில் இருப்பவரிடம் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

9. உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் பட்டால் பிடி வழுக்கும். முழுக்கைப் பனியன், கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூ, லைஃப் ஜாக்கெட் மூன்றும் கட்டாயம். ஜாக்கெட்டின் ஜிப் உப்பில் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

10. மாஸ்டின் இரண்டு துண்டுகளையும் அன்றே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இணைப்பில் மணல் தங்கினால் பிறகு நாலுபேர் இழுத்தாலும் வராது. பாயை நிழலில் உலர்த்தி, மடிக்காமல் பாய்போலவே சுருட்டி வையுங்கள்.