கருணைக் கொலையும் சல்லேகனையும்

தீராத நோயுற்றவரின் உயிரை இரக்கத்தின் பெயரால் முடிக்கலாமா?

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் தம் செயலால் ஒரு விடை கூறினர். 1973இல் தாக்கப்பட்டு மூளை பழுதுற்ற சக செவிலி அருணா ஷான்பாக்கை, அவர் மறைந்த 2015 வரை பேணினர். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை, பேணியவர்களின் கருத்தை மதித்து, உச்ச நீதிமன்றம் 2011இல் தள்ளியது. எனினும், மீளாநிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த அதே தீர்ப்பு நெறி வகுத்தது. ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் விருப்ப ஆவணமும் 2018இல் ஏற்கப்பட்டது.

2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை என்றது. அதற்கு உச்ச நீதிமன்றம் அம்மாதமே தடை விதித்தது.

கருணைக் கொலையில் பிறர் கை உயிரை முடிக்கிறது. சல்லேகனையோ தீராநோய், மூப்பு முதலியன வந்துற்றபோது தெளிந்த அறிவோடு தானே ஏற்கும் நோன்பு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்ததைக் கல்வெட்டு கூறும். விரைந்து இறக்க விழைவதும் இந்நோன்புக்குக் குற்றமே என்பர் சமந்தபத்திரர்.

ஆதலின், நம் இல்லத்து முதியவர் உணவை மறுத்தால், அது நோன்போ நோயின் சலிப்போ என முதலில் அறிதல் வேண்டும். சலிப்பாயின், வலியைத் தணித்து, அருகிருந்து பேணுதலே சிராவகர் கடமை.