கூலிங் காயிலுக்கு ஒரு புற ஊதா விளக்கு

அமெரிக்காவின் தென் மாநில வீடுகள் பலவற்றில், பரணிலோ சிறு தடுப்பறையிலோ நிற்கும் ஒரே எந்திரம் கோடையில் குளிர்காற்றையும் பனிக்காலத்தில் வெப்பக்காற்றையும் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. அதற்குள் புற ஊதா விளக்கைப் பொருத்தினால் வீட்டுக் காற்றிலுள்ள கிருமிகள் ஒழியும் என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அந்த வாக்குறுதிக்காக வாங்க வேண்டாம். விளக்குக்குப் பயன் உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது: கோடை முழுக்க நனைந்தே கிடக்கும் கூலிங் காயிலில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதில். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, யாருக்குத் தேவையில்லை என்பதெல்லாம் இதிலிருந்தே தெளிவாகும்.

கிருமி சாவதற்குக் கதிரின் வலிமை மட்டும் போதாது, அது படும் நேரமும் வேண்டும். எந்திரத்துக்குள் காற்று விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கதிர் பலமாக விழுந்தாலும் அரை விநாடிக்குள் கிருமி தாண்டிவிடும். வில்லியம் வெல்ஸ் 1937 முதல் பிலடெல்ஃபியா வட்டாரப் பள்ளிகளில் இதே கதிரைக் கொண்டு தட்டம்மைப் பரவலைக் குறைத்தாரே என்று கேட்கலாம். அவர் விளக்கை வைத்தது வகுப்பறையின் மேற்பகுதியில்; அங்கே காற்று நிதானமாகச் சுழல்கிறது, இருமுகிறவரும் அதே அறையில்தான் இருக்கிறார். காயிலோ இருந்த இடத்திலேயே இருப்பது. 24 மணி நேரமும் கதிர் வாங்கும். மான்ட்ரியலில் மூன்று அலுவலகக் கட்டடங்களின் காற்றோட்டக் கருவிகளில் விளக்கை மாறி மாறி ஏற்றியும் அணைத்தும் செய்த ஆய்வு 2003இல் 'லான்செட்' இதழில் வந்தது. கதிர் பட்ட பரப்புகளில் நுண்ணுயிர்கள் 99 சதவீதம் குறைந்தன. ஊழியர்களின் மூக்கு, தொண்டை, மூச்சுத் தொல்லைகளும் குறைந்தன. நான் இங்கே சொல்வதற்கு இதுவே வலுவான சான்று.

வேலையைக் காயிலிலிருந்து தொடங்குங்கள். மின்சாரத்தை அணைத்து, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கு அப்பியிருந்தால் முதலில் கழுவ வேண்டும்; தூசிப் படலத்தைக் கதிர் ஊடுருவாது. கீழே உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைப்பை நீக்குங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். எந்திரத்தின் விசிறி தாங்குமென்று மெக்கானிக் சொன்னால் மெர்வ் 13 தரம் நல்லது. காற்றிலுள்ள நுண்துகள்களுக்கு விளக்கைவிட அதுவே மேல். காற்று திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால் விளக்கும் கொஞ்சம் கிருமியைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக ஃபில்டரைக் கைவிடுவது தவறு.

வாங்கும்போது 254 நானோமீட்டர் அலைநீளம் என்று குறித்திருக்கிறதா பாருங்கள். 185 நானோமீட்டர் கதிரையும் வெளிவிடும் விளக்குகள் ஓசோனை உண்டாக்கும். நுரையீரலுக்கு எரிச்சலூட்டும் வாயுவை வீடு முழுக்கக் குழாய் வழியே பரப்புவதைப் போன்ற கேடு வேறில்லை. யுஎல் 2998 சான்று ஓசோன் வெளியாகவில்லை என்பதற்கானது. அது இல்லாத விளக்கைத் தொடாதீர்கள். குளிர்காற்று பட்டால் சாதாரண விளக்கின் கதிர்வீச்சு குறைந்துவிடும் என்பதால் ஏசி எந்திரத்துக்கென்றே செய்ததைக் கேளுங்கள்.

மாட்டுமிடம், காற்று காயிலைக் கடந்து வெளியேறும் பக்கம். கதிர் காயில் முழுவதிலும் வடிதட்டிலும் விழ வேண்டும். அருகிலுள்ள வயர் உறை, பிளாஸ்டிக் தட்டு, மடங்கும் குழாய், ஃபில்டர் ஆகியவற்றைக் கதிர் நாளடைவில் நொறுங்கச் செய்யும். அவற்றுக்கு அலுமினியத் தகட்டால் மறைப்பு கொடுங்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசியின் உட்புறம் பெரும்பகுதி பிளாஸ்டிக். இந்த விளக்கை அதற்குள் மாட்ட முயல வேண்டாம். விளக்கின் குவார்ட்ஸ் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப்பசை படிந்துவிடும், கையுறை அணியுங்கள். மூடியைத் திறந்தவுடன் விளக்கு தானே அணைய ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இந்தக் கதிர் சில நிமிடங்களிலேயே கண்ணைப் புண்ணாக்கும். விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சிறு துளையிட்டுச் சாதாரணக் கண்ணாடி பதிக்கலாம். 254 நானோமீட்டர் கதிர் அதைக் கடக்காது. மின் இணைப்பை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

விசிறி ஓடும்போது மட்டும் எரிந்தால் மின்சாரம் மிச்சமாகுமே என்பார்கள். விசிறி நின்ற பிறகும் காயில் ஈரமாகவே இருக்கிறது, பூஞ்சை வளர்வது அப்போதுதான். 36 வாட் விளக்கு ஆண்டு முழுக்க எரிந்தால் சுமார் 315 யூனிட் ஆகும். ஹூஸ்டன், மயாமி போன்ற புழுக்கமான ஊர்களில் அது தகும். ஃபீனிக்ஸின் வறண்ட காற்றில் காயிலை ஆண்டுக்கொரு முறை பார்த்துத் தேவைப்பட்டால் கழுவினாலே போதும், விளக்குக்குச் செலவிட வேண்டியதில்லை.

நீல ஒளி தெரிவதை வைத்து விளக்கு வேலை செய்கிறதென்று நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஏறத்தாழ 9,000 மணி நேரத்தில், அதாவது ஓராண்டில், வெகுவாகக் குறைந்துவிடும். மாட்டிய தேதியை மூடியின் மேல் எழுதி வைத்து, ஆண்டுதோறும் மாற்றுங்கள். பழையதில் பாதரசம் இருப்பதால் குப்பைத் தொட்டியில் போடாமல், உள்ளாட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.